ஒன்பதில் எட்டு: ஒரு நோபல் சரடு

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் சென்ற மாதம் ஒரு பொது அறிவுப் போட்டி வைத்தோம். நோபல் பரிசு பெற்ற இந்தியர்கள் யார் யார் என்பது ஒரு கேள்வி. தாகூர், ராமன், அன்னை தெரசா என்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் வேறு ஒன்று கேட்டாள். "அக்கா, அந்த ஒன்பது பேர்ல எட்டுப் பேர் ஐயருங்களாமே? யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு. நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோ மூளை வராதாக்கா?"

சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். சமூக மூலதனம், கட்டமைப்பு, வரலாற்று விலக்கல் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு எதுவும் வாயில் வரவில்லை. "அடுத்த சனிக்கிழமை சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரத்தில் தோண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சரடை யார் திரித்தது? 2020 ஜனவரியில் காந்திநகர் அருகே பார்ப்பனர்களின் தொழில் மாநாடு ஒன்று நடந்தது. அதில் அன்றைய குஜராத் சட்டப்பேரவைத் தலைவர் ராஜேந்திர திரிவேதி பேசினார். நோபல் பெற்ற ஒன்பது இந்தியர்களில் எட்டுப் பேர் பார்ப்பனர்கள் என்றார். அதோடு விடவில்லை. அரசியல் சட்ட வரைவை எழுதியது பி.என். ராவ் என்ற பார்ப்பனர், அவர்தான் பின்னால் நின்றுகொண்டு அம்பேத்கரை முன்னால் நிறுத்தினார் என்றும் சொன்னார். பத்திரிகைகள் எல்லாம் இதை வெளியிட்டன. இவரேதான் 2018-ல், அம்பேத்கரைப் பார்ப்பனர் என்று அழைக்கத் தனக்குத் தயக்கமில்லை, கற்றவர் எல்லாரும் பார்ப்பனரே என்றவர். அறிவாளியாக இருந்தால் பார்ப்பனர், பார்ப்பனராக இருந்தால் அறிவாளி. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் ஒன்பதுக்கு ஒன்பதே வரும். ஏனோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். பெருந்தன்மை!

சரி, கணக்கைப் பார்ப்போம். தாகூர் 1913, ராமன் 1930, ஹர் கோவிந்த் கொரானா 1968, அன்னை தெரசா 1979, சந்திரசேகர் 1983, அமர்த்தியா சென் 1998, வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009, கைலாஷ் சத்யார்த்தி 2014, அபிஜித் பானர்ஜி 2019. இதுதான் பட்டியல்.

இதில் ஒரே ஒருவர்தான் பார்ப்பனர் அல்லாதவர் என்றால் அவர் அன்னை தெரசாவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கோப்யேவில் பிறந்த அல்பேனியப் பெண்ணுக்கு எந்தக் கோத்திரமும் ஒட்டாது. அப்படியானால் கொரானாவும் சென்னும் எப்போது உபநயனம் செய்துகொண்டார்கள்? கொரானா பஞ்சாபி, பார்ப்பனர் அல்ல. சென் வங்காளத்து வைத்திய சாதி. அங்கே அது தனிச் சாதி. ஆக எட்டில் இரண்டு அப்போதே உதிர்ந்துவிட்டது. மீதி ஆறு.

இந்த ஆறில்தான் வேடிக்கையே இருக்கிறது. தாகூர் குடும்பம் பிராலி பார்ப்பனர்கள். முன்னோர்கள் ஒரு முஸ்லிம் அதிகாரியின் வீட்டுச் சமையல் வாசனையை முகர்ந்துவிட்டார்கள், அதனால் தீட்டுப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை. (சாப்பிடக்கூட இல்லை, முகர்ந்தார்கள், அவ்வளவுதான்.) அதற்காகத் தலைமுறை தலைமுறையாக மற்ற பார்ப்பனர்கள் அவர்களோடு பந்தியில் உட்கார மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். பெரும் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கே அவர்களுடைய எஸ்டேட்டில் வேலை பார்த்தவரின் மகளைத்தான் கட்டிவைத்தார்கள். வெளியில் அவர்களுக்குச் சம்பந்தம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். உயிரோடு இருந்தவரைக்கும் அரைப் பார்ப்பனர், நோபல் வாங்கிய பிறகு முழுப் பார்ப்பனர்.

சத்யார்த்தியின் கதை இதைவிடப் பெரிது. விதிஷாவில் கைலாஷ் சர்மாவாகப் பிறந்தவர். 1969-ல் காந்தி நூற்றாண்டு. ஊர்த் தலைவர்கள் எல்லாரும் தீண்டாமை ஒழிப்பு பற்றி மேடையில் பொழிந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் இதை உண்மை என்று நம்பிவிட்டான். துப்புரவுப் பணி செய்யும் பெண்களைச் சமைக்கச் சொல்லி, தலைவர்களை விருந்துக்கு அழைத்தான். ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் சாதிப் பெரியவர்கள் திண்ணையில் காத்திருக்கிறார்கள். கங்கையில் மூழ்கி வா, பார்ப்பனர்களுக்கு விருந்து வை, அவர்கள் காலைக் கழுவிய தண்ணீரைக் குடி, இல்லாவிட்டால் சாதியை விட்டு விலக்கு என்றார்கள். பையன் மறுத்தான். விலக்கினார்கள். அதன் பிறகுதான் சர்மாவை எறிந்துவிட்டு சத்யார்த்தி என்று பெயர் வைத்துக்கொண்டார். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுச் சோற்றைச் சாப்பிடத் துணிந்ததற்காகச் சாதியை விட்டுத் தள்ளப்பட்டவரை, பதக்கம் வாங்கியதும் சாதிக் கணக்கில் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஏதாவது ஒரு பரிசு கொடுக்கலாம்.

ராமனும் சந்திரசேகரும் சித்தப்பாவும் அண்ணன் மகனும். ஒரே வீடு. அபிஜித் பானர்ஜியின் அம்மாவும் அப்பாவும் பொருளாதாரப் பேராசிரியர்கள். ரத்தத்தில் இருந்ததா, வீட்டுப் புத்தக அலமாரியில் இருந்ததா என்று கேட்பதற்கு முதுகலைப் பட்டமெல்லாம் தேவையில்லை.

நோபலைச் சுற்றிப் புருடா விடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கணிதத்துக்கு ஏன் நோபல் இல்லை? நோபலின் மனைவியோடு ஒரு கணித மேதைக்குத் தொடர்பாம், அந்தக் கோபத்தில் கணிதத்தையே விட்டுவிட்டாராம். கல்லூரியில் ஒரு பேராசிரியரே எங்களுக்கு இதைச் சொன்னார். நோபல் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இல்லாத மனைவிக்கு இருக்கிற கள்ளக்காதலன்! பொருளாதார நோபல் என்கிறோமே, அதுவும் அவர் உயிலில் கிடையாது. ஸ்வீடன் மத்திய வங்கி தன் முந்நூறாவது ஆண்டையொட்டி 1968-ல் அவர் நினைவாக ஏற்படுத்திய பரிசு அது. கறாராகக் கணக்குப் பார்த்தால் பானர்ஜியும் சென்னும் பட்டியலிலேயே வர மாட்டார்கள், பேரவைத் தலைவரின் எட்டு இன்னும் இளைத்துவிடும். ஆனால் அவ்வளவு கஞ்சத்தனம் நமக்கு வேண்டாம்.

'நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, அது இன்னொரு சரடு. உலகம் முழுவதும் எம்.பி.க்கள், பேராசிரியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் பரிந்துரைக் கடிதம் அனுப்பலாம். 1939-ல் ஹிட்லரையே அமைதிப் பரிசுக்கு ஒரு ஸ்வீடன் எம்.பி. பரிந்துரைத்தார். பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினைப் பரிந்துரைத்ததைக் கிண்டல் செய்யத்தான் எழுதினார். கிண்டல் யாருக்கும் புரியவில்லை, கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2023 மார்ச்சில் நம் தொலைக்காட்சிகள், நோபல் குழுவின் துணைத் தலைவரே மோடிதான் அமைதிப் பரிசுக்குப் பெரிய போட்டியாளர் என்று சொல்லிவிட்டதாக நாள் முழுவதும் ஓட்டின. அது பொய்ச் செய்தி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அந்த மனிதர் வீடியோவில் வந்து மறுத்தார். மறுப்பை எத்தனை சேனல் அதே சத்தத்தில் ஓட்டியது?

நம் சிதம்பர ரகசியமும் ஒன்று உண்டு. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தார், மூன்று வயதில் பரோடா போய்விட்டார். 2009-ல் பரிசு அறிவித்ததும் சிதம்பரத்தில் அவர் படித்த பள்ளி கிளம்பியது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்திய வாத்தியாரும் கிளம்பினார். அங்கெல்லாம் நான் படிக்கவே இல்லையே, முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சலால் பெட்டி நிறைந்து வழிகிறதே என்று மனிதர் எரிச்சலோடு பேட்டி கொடுத்தார். மூன்று வயதுக் குழந்தைக்குப் பட்டப்படிப்பு நடத்திய அந்த வாத்தியாருக்கும் திரிவேதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்தவன் பதக்கத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் ஆசைதான் இரண்டு பேருக்கும். நாளைக்கே 'நோபல்' என்ற சொல் 'நூல்' என்பதிலிருந்து வந்தது, ஆல்பிரட் நோபல் கும்பகோணத்தில் வேதம் ஓதியவர், டைனமைட் என்பது யாக குண்டத்தில் நெய் கூடிப்போனதால் வந்தது என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் ஆச்சரியப்படாதீர்கள். நான் இதைக் கிண்டலுக்கு எழுதுகிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹிட்லர் கடிதம் போல ஆகிவிடக்கூடாது.

சிரித்தது போதும். அந்தப் பெண் எட்டா ஆறா என்று என்னிடம் கேட்கவில்லை. நமக்கு மூளை வருமா என்று கேட்டாள். ஆறு என்றாலும், மக்கள் தொகையில் சில விழுக்காடே உள்ள ஒரு பிரிவுக்கு அது மிகப் பெரிய எண்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைக்கவும் கூடாது. கொலையான வீட்டில் கிடந்த கத்தியை ஒருவர் தூக்கிக் காட்டி "பார், எங்கள் வீட்டுக் கத்தி எவ்வளவு கூர்மை" என்று பெருமைப்பட்டால், அதை வாங்கி ஒளித்துவைப்பது நம் வேலையா? சாட்சியத்தில் சேர்க்க வேண்டியதல்லவா?

ராமனுக்கு ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்த 1894-ல், ஆல்காட் சென்னை ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஏன் தனியாக? பக்கத்துப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளாததால். ராமனின் அப்பாவோ கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் நடத்தியவர். இருவரும் ஒரே மாகாணத்துப் பிள்ளைகள், ஒரே வருடம். ஒருவர் வீட்டிலேயே ஆய்வகம். இன்னொருவருக்கு அப்போதுதான் அ, ஆ எழுத ஒரு கூரை. கொரானா தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒன்று சொல்கிறார்: சுமார் நூறு பேர் இருந்த அவர்கள் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய அவர்களுடையது ஒன்றுதான். அப்பா ஊர்க் கணக்கர். மற்ற வீடுகளில் மூளை இல்லையா, பலகை இல்லையா?

இன்னொன்று. ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட கல்கத்தா ஆய்வுக்கூடத்தை 1876-ல் பொது நன்கொடை திரட்டிக் கட்டியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர். அவர் பார்ப்பனர் அல்ல. அந்தக் கட்டடம் இல்லாமல் அந்தப் பதக்கம் இல்லை. பிற்காலத்தில் அதே ராமன் பெங்களூரில் இயக்குநராக இருந்தபோது, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று வந்த கமலா பாக்வத்தை, பெண் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அவர் விடாமல் போராடிய பிறகு, ஓர் ஆண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார். கமலாவும் பார்ப்பனர்தான். ரத்தத்தில்தான் அறிவு என்றால் அந்த ரத்தத்துக்கு ஏன் கதவைச் சாத்தினார்? இயற்பியல் நோபலை 2018-க்கு முன்பு வாங்கிய பெண்கள் மொத்தமே இரண்டு பேர். கறுப்பின மக்களில் ஒருவருக்குக்கூட இதுவரை இயற்பியல், வேதியியல், மருத்துவம் மூன்றிலும் கொடுக்கப்படவில்லை. இதை வைத்து வெள்ளை ஆண் மூளை பற்றிக் கல்யாண மண்டபத்தில் ஒருவர் பெருமை பேசினால் அவருக்கு என்ன பெயர் வைப்போம்?

நான் அந்தப் பெண்ணுக்குக் கொண்டுபோன கதை மேக்நாத் சாகாவுடையது. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் 1893-ல் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த சமூகம். ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் இல்லை. அப்பாவுக்குப் பையன் கடையில் உட்கார்ந்தால் போதும். சில மைல் தள்ளி ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கொடுத்தார். நிபந்தனை: தன் தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டு ஏன் என்று நமக்கு விளக்கம் தேவையில்லை. பிறகு கல்கத்தா, ஈடன் இந்து விடுதி. அங்கே உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார மறுத்தார்கள். சரஸ்வதி பூசையில் இவரை விலக்கினார்கள். படிப்புக்கான சாமிக்கு நடக்கும் பூசை!

அந்த மனிதர் 1920-ல் விண்மீன்களின் ஒளியை வைத்து அவற்றின் வெப்பத்தைக் கணக்கிட வழிசெய்யும் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். இன்றுவரை உலகம் முழுவதும் சாகா சமன்பாடு என்று அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். ராமனுக்குப் பரிசு கிடைத்த அதே 1930-ல் சாகாவின் பெயரும் பரிந்துரையில் இருந்தது. அதற்குப் பிறகும் பலமுறை வந்தது. கிடைக்கவில்லை. சாதியால்தான் ஸ்டாக்ஹோமில் மறுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அது இன்னொரு சரடாகிவிடும். மாடு கழுவிய கையோடு சூரியனின் வெப்பத்தை அளக்கக் கிளம்பியவர் அந்த வாசல் வரைக்கும் போனார் என்பது மட்டும் ஆவணத்தில் இருக்கிறது.

இனி அந்தப் பேச்சின் இரண்டாம் பாதி. நோபல் வெறும் ஊறுகாய்தான், சோறு அதுவல்ல. குறி அம்பேத்கர். பி.என். ராவ் தயாரித்த முதல் வரைவில் 243 பிரிவுகள். வரைவுக் குழு தந்ததில் 315. முடிவில் 395. இடையில் ஏறக்குறைய 7,635 திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, 2,473 அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்த எண்களைச் சொன்னவரே அம்பேத்கர்தான், 1949 நவம்பர் 25 உரையில். ராவுக்கும், வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் உரிய பங்கைப் பெயர் சொல்லி, திறந்த மனதோடு ஒப்புக்கொண்டதும் அதே உரையில்தான். அந்த நேர்மையையே இன்று அவருக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்துகிறார்கள். சரி, வேலையை யார் செய்தது? 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே அவையில் சொன்னார். குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் வேறு அரசு வேலையில் இருந்தார், ஓரிருவர் டெல்லிக்கு வெளியே இருந்தார்கள், கடைசியில் சுமை அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று. டி.டி.கே. எந்தச் சாதி என்று திரிவேதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சாட்சியை மட்டும் ஏன் எண்ணவில்லை?

இதை எழுதும்போதே நம் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் 14 நெருங்கினால் என் கைபேசியில் வரும் ஃபார்வர்டுகளில் பாதி சரடு. உலகின் முதல் பேரறிஞர் என்று கொலம்பியா பல்கலைக்கழகம் பாபாசாகேபை அறிவித்ததாம். நடந்தது இது: 2004-ல் தன் 250-ஆம் ஆண்டையொட்டி, காலத்தை முந்திச் சிந்தித்த தன் மாணவர்கள் என்று அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் அவர் பெயர் இருக்கிறது. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. நாம் ஒரு பூச்சியத்தைச் சேர்த்தோம், அவ்வளவுதான். தோழர்களிடம் இதைச் சொன்னால் "போகட்டும் விடுங்க, நம்ம பசங்களுக்கு ஒரு தெம்பு" என்கிறார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் அதைப் பள்ளியில் சொல்வான், ஒருவன் கூகுளில் தேடிக் காட்டிச் சிரிப்பான், அப்புறம் பையனுக்கு கொலம்பியாவில் வாங்கிய முனைவர் பட்டத்தின் மேலும், லண்டனில் 1923-ல் வாங்கிய டி.எஸ்சி. மேலும்கூடச் சந்தேகம் வந்துவிடும். சாக்கில் உட்கார்ந்து படித்தவர் இரண்டு கண்டங்களில் முனைவர் பட்டம் பெற்றார் என்ற உண்மைக்கு எதற்கு ஜிகினா? பொய் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கிறது. நமக்கு இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாகாவின் கதையைச் சொன்னேன். கரும்பலகையில் ஒன்பது பேரை எழுதி, பிள்ளைகளையே கழிக்க வைத்தேன். கொரானாவை அடித்தபோது கைதட்டினார்கள். அந்தப் பெண் கைதட்டவில்லை. கடைசி வரைக்கும் எதையோ யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டும்போது கேட்டாள்: "அக்கா, அந்த டாக்டரு நல்லவரா, கெட்டவரா? தங்க இடம் குடுத்தாரு. ஆனா தட்டைத் தனியா கழுவச் சொன்னாரே."

பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மணிக்கு மையத்தைப் பூட்ட வேண்டும். அன்றைக்கு எட்டே முக்கால் ஆகிவிட்டது.